ரேவதியின் பசி, ரேவதியின் பிரஷர்

எங்கள் கிளினிக்கில் இப்போது என் இடத்தில் இருக்கும் ஸ்டெல்லா சிஸ்டர் போன மாதம் போன் செய்தாள்.

"மேடம், வாரத்துக்கு ஒரு தடவ போடற ஊசி வந்திருக்குது இல்ல, பசிய கொறைக்குமாம், எடையும் எறங்குமாம். வர்றவங்கல்லாம் அதையேதான் கேக்கறாங்க. நீங்க இருந்தப்ப இந்த மாதிரி பிரஷர் பேஷண்ட்டுங்கள எப்படிப் பாத்தீங்க?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். அரை மணி நேரமாகியும் முடியவில்லை. "எழுதிக் குடுத்துடுங்க மேடம், நாங்க மூணு பேரும் படிக்கிறோம்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஊசியைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால், பசியை அடக்குவது அவரவர் மனக்கட்டுப்பாடு என்று முப்பது வருஷத்துக்கு மேல் நம்பிய ஒரு நர்ஸ், அந்த நம்பிக்கையால் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தாள் என்று என்னால் சொல்ல முடியும். அந்த நர்ஸ் நான்தான்.

என் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன். ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, வேலூரில் நர்சிங் படித்து, திரும்பி வந்து சுரங்கத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே நான் பார்த்தது நசுங்கிய விரல்கள், கல்தூசி அடைத்த நெஞ்சுகள், பிரசவங்கள். உடல் பருத்த நோயாளி அபூர்வம். சுரங்கத்தை மூடியதும் ஊரே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தது. நான் டாக்டர் நாகரத்னா நடத்திய சின்ன கிளினிக்குக்கு வந்தேன். கடைசிவரை அங்கேதான் இருந்தேன்.

டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊர் கோலார் பக்கம். கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழி. எங்களிடம் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே "அர்த்த ஆயித்தா?" என்று கேட்டுக்கொள்வார். புரிந்ததா என்று பொருள். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நோயாளி உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். மருந்துச் சீட்டில் முதலில் பென்சிலால் எழுதி, நோயாளியிடம் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே பேனாவால் எழுதுவார். இதற்கு நேரமாகும். வெளியே முணுமுணுப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஒரு மாவு மில்காரர் வந்தார், பெரிய உடம்பு. வேகமாக நடந்து வந்தவரை உட்காரவைத்து, பிரஷர் பார்க்கும் வழக்கமான கைப்பட்டையைச் சுற்றி அளந்தேன். பட்டை அவர் புஜத்துக்குப் போதவில்லை, இழுத்துப் பிடித்து ஒட்டினேன். நூற்று அறுபத்திரண்டுக்கு நூறு. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்தார், அவர் புஜத்தைப் பார்த்தார். எழுந்து அலமாரியிலிருந்து அகலப் பட்டையை எடுத்து வந்தார். முதுகு நாற்காலியில் சாய, பாதம் இரண்டும் தரையில் பட, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார். பிறகு அளந்தார். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்து நாலு.

மில்காரர் போனதும் டாக்டர் என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், சின்னப் பட்டைல அளந்தா பிரஷர் ஏறித்தான் காட்டும். இன்னிக்கு நீங்க ஒருத்தருக்கு இல்லாத வியாதியக் குடுக்கப் பாத்தீங்க."

அன்றிலிருந்து அளப்பதில் நான் தவறியதில்லை. அளப்பதில் மட்டும். ஆளைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் போகவில்லை.

ரேவதி முதன்முதலில் வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. எங்கள் ஊரின் கோரமண்டல் பகுதியில் வீடு. பெங்களூரில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கணவருக்குப் பெங்களூரிலேயே இரவுக் காவல் வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு மாமனார். எடை நூற்று நாலு கிலோ. பிரஷர் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. அகலப் பட்டையில், ஐந்து நிமிஷம் உட்காரவைத்து அளந்த எண் அது.

டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். இறங்கவில்லை. இரண்டாக்கினார், மூன்றாக்கினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மாதாமாதம் ஞாயிற்றுக்கிழமை வருவாள். எண் அங்கேயே நிற்கும். எடையும் இறங்காது.

மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காவிட்டால் இரண்டில் ஒன்று என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மாத்திரை போடுவதில்லை, அல்லது வாயைக் கட்டுவதில்லை. ரேவதி விஷயத்தில் இரண்டும் என்று முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் உள்ளே வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர். ரேவதியை எடை மெஷினில் ஏற்றினேன். நூற்று எட்டு.

"இன்னா ரேவதி இது? போன மாசத்துக்கு இந்த மாசம் ரெண்டு கிலோ! சாப்பாட்டக் கொறைன்னு எத்தனி தடவ சொல்றது?"

"கொறச்சுட்டுத்தான் கீறேன் சிஸ்டர்."

"கொறச்சா எப்படி ஏறும்? காத்தக் குடிச்சா ஏறுது?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. மெஷினிலிருந்து இறங்காமலே, மெல்லிய குரலில் சொன்னாள்: "பசிக்குது சிஸ்டர். சாப்ட்டு கை கழுவும்போதே பசிக்குது. இன்னா பண்றதுன்னே தெரில."

"மாத்திரயாவது ஒழுங்கா போடறியா, இல்ல அதுவும் பொய்யா?"

அவள் மெஷினிலிருந்து இறங்கினாள். பிரஷர் பார்த்துக்கொண்டு, சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஐந்து மாதம் வரவில்லை. டாக்டர் இரண்டு முறை கேட்டார், "ரேவதி எங்கே?" என்று. "ரோஷம் வந்துட்டுது போல டாக்டர்" என்றேன். நடந்ததைச் சொல்லவில்லை.

ஆறாவது மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், கிளினிக் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரேவதியை இரண்டு பெண்கள் இரு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். அவளோடு ரயிலில் தினமும் போய் வருகிறவர்கள். அரைநாள் வேலை முடிந்து கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியவள் பிளாட்பாரத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். இரண்டு முறை வாந்தி. "கண்ணு மங்கலாக் கீதுன்னு சொல்றா சிஸ்டர், ஸ்டேஷன் போர்டே தெரிலயாம்" என்றாள் ஒருத்தி.

அளந்தேன். எண்ணை நம்பாமல் மறுபடி அளந்தேன். இருநூற்று இருபத்து நாலுக்கு நூற்று முப்பத்திரண்டு.

டாக்டர் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, சின்ன லென்ஸ் கருவியால் அவள் கண்ணுக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னிடம் தாழ்ந்த குரலில், "விழித்திரையில ரத்தக் கசிவு இருக்கு, நரம்பு வீங்கியிருக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. நானும் வர்றேன்" என்றார். பிரஷரை உடனே தட்டித் தரைக்குக் கொண்டுவரக் கூடாது, மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும், மணிக்கணக்கில் மெல்ல மெல்ல இறக்க வேண்டும் என்பார். அதற்கு வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷ வழி.

ஆம்புலன்ஸில் டாக்டர் தலைமாட்டில், நான் பக்கத்தில். பாதி வழியில் ரேவதி கையை நீட்டித் துழாவினாள். என் விரல்கள் கிடைத்தன.

"சிஸ்டர். மாத்திர ஒரு நாளும் விடல சிஸ்டர். எம் புள்ளைங்க மேல சத்தியமா."

"நம்பறேன்மா" என்றேன். அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. அதை இங்கே எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

டாக்டர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ரேவதி பிழைத்தாள். பார்வை மெல்லத் திரும்பியது, இடது கண்ணில் மட்டும் ஒரு மங்கல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அவ வீட்டுக்குப் போய்ப் பாருங்க. இன்னா சாப்டறான்னு கேக்காதீங்க. இருபத்து நாலு மணி நேரமும் அவ எப்படி இருக்கறான்னு தெரிஞ்சுட்டு வாங்க. எழுந்திருக்கறது, போறது, படுக்கறது, எல்லாம்" என்றார். பிறகு, "அஞ்சு மாசம் அவ ஏன் வரலன்னும்" என்று சேர்த்தார். அப்போதுதான் நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "போய்ட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கோரமண்டலில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தவர் மாமனார் வேலாயுதம். எழுபத்தைந்து வயது இருக்கும். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை இயக்கிய வைண்டிங் இன்ஜின் டிரைவர். அப்பாவின் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி போட்டார்.

"ஒடம்ப இப்பிடி வளத்து வச்சிக்கினா இன்னாம்மா ஆவும்?" என்று அவர்தான் ஆரம்பித்தார். "எந்நேரமும் எதனா துன்னுகினே கீறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"அவ மாத்திரையெல்லாம் எங்க வைப்பா ஐயா?"

பெரிய பேத்தி உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மூடியைத் திறந்தேன். பாதி வரைக்கும் போடாத மாத்திரைகள் இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே காலி அட்டைகள். மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியவை. ஒவ்வொரு காலிக் குழிக்கும் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் தேதி. காலையா ராத்திரியா என்று ஓர் எழுத்து. கிளினிக்குக்கு வராத ஐந்து மாதமும் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறாள்.

"அம்மா எல்லாத்தையும் சேத்து வைக்குது சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண். "என்னிக்காவது சிஸ்டருகிட்ட காட்டணும்னு சொல்லும்."

கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு தேதி விடுபட்டிருக்காதா என்று தேடினேன் என்பதுதான் உண்மை. விடுபடவில்லை. டின்னை மூடி அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன்.

பிறகு டாக்டர் சொன்னபடி அவளுடைய நாளைக் கேட்டேன். மூன்று மணிக்கு எழுந்து சமையல், பிள்ளைகளுக்கு டிபன் கட்டுதல், விடியுமுன் ரயில். பெரும்பாலும் நின்றுகொண்டே பயணம். திரும்பி வர ராத்திரி எட்டு. துணி, பாத்திரம், பிள்ளைகளின் பாடம். படுக்கப் பதினொன்றாகும்.

"படுத்தா நல்லாத் தூங்குவாளா?"

பெரியவர் சிரித்தார். "தூக்கமா அது? கொறட்ட போட்டான்னா செவுரே அதுரும். எனக்கு ஷிப்ட்டு பழக்கத்துல தூக்கம் கொஞ்சந்தான். படுத்துக்கினு கேட்டுக்கினே இருப்பேன். நடுவுல கப்புனு நின்னுடும்மா. மூச்சே கேக்காது. நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். இருவது, இருவத்தஞ்சு வரிக்கும் போவும். போய்ட்டாளோன்னு பயந்துக்கினு எழுந்து ஒக்காருவேன். அப்பறம் தூக்கிவாரிப் போட்டாப்புல மூச்ச இழுப்பா."

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டாங்க?"

இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை வருஷம் அவள் எங்களிடம் வந்தாள். நாங்கள் கேட்டதெல்லாம் உப்பு, எண்ணெய், அரிசி.

திரும்பி வந்து சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தப்பு என்னுது, சிஸ்டர். முதல் மாசமே தூக்கத்தக் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து எனக்காகப் படம் போட்டார்.

கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை அல்ல என்றார். அது லெப்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. "போதும், கையிருப்பு இருக்கு" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். ஆனால் வருஷக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் மூளையில் பசியைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் காது மந்தமாகிவிடுகிறது. "போதும்" என்ற செய்தி வந்தும் கேட்பதில்லை. கொடுமை என்னவென்றால், அதே லெப்டின் நரம்புகளை முடுக்கிவிடும் வேலை மட்டும் நிற்பதில்லை. ரத்தக் குழாய் இறுகுகிறது, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, பிரஷர் ஏறுகிறது. வயிற்றிலிருந்து வரும் கிரெலின் என்ற இன்னொரு ஹார்மோன் பசியைத் தூண்டும். தூக்கம் குறைந்தால் அது கூடும் என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு பதறிப் பிரஷரை எகிறவைக்கும்.

"இதுல இன்னும் முழுசாத் தெரியாதது நெறைய இருக்கு" என்றார். "ஆனா அவ பசிக்குதுன்னு சொன்னது நெஜம். அர்த்த ஆயித்தா?"

ஆயிற்று. வெகு தாமதமாக.

ரேவதி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின் டாக்டரே ஒருநாள் கோரமண்டலுக்கு வந்தார். பெரியவருக்கு விளக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். லெப்டின், கிரெலின் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில், "ஐயா, நீங்க மேல இன்ஜின் ரூம்ல இருக்கீங்க. கீழ லெவல்லேர்ந்து நிறுத்துன்னு பெல் அடிக்கறாங்க. கம்பி பழுதாகி உங்களுக்குக் கேக்கல. நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஓட்டிக்கினேதான் இருப்பேன்."

"அப்ப அது உங்க கொழுப்பா?"

அவர் திரும்பினார். கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். "அப்ப இவ பசிக்குதுன்னு சொன்னது நெசந்தானா?" என்றார்.

ரேவதி அழுதாள். அவ்வளவு நாளும், ஆம்புலன்ஸில்கூட, அவள் அழுது நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் பலமுறை மூச்சு நிற்பது தெரிந்தது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் காற்று மெஷின் வந்தது. டாக்டர் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தி, உப்பை வெளியேற்றும் வேறு மாத்திரை சேர்த்தார். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்து வேலை இடத்தில் தாமதமாகத் தொடங்கும் ஷிப்டுக்கு மாற்றினார்கள். இதையெல்லாம்விட எங்களுக்கு ஆச்சரியம், பெரியவர் சமையலறைக்குள் போனது.

"ஷிப்ட்டு போனவன்மா நானு. விடியக்காலம் எழுந்திரிக்கறது எனக்கு இன்னா பெரிய வேல? உப்புமாவா, அத ஒரு மாசத்துல கத்துக்கினேன். உப்புதான் சரியாப் போட வரல. போடாதன்னு டாக்டரம்மாவே சொல்ட்டாங்க, நல்லதாப் போச்சு."

ஆறு மாதத்தில் பிரஷர் நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தாறுக்கு வந்தது. எடை ஏழு கிலோ குறைந்து அங்கேயே நின்றது. அவள் ஒல்லியாகவில்லை, ஆகவும் போவதில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பசி? "இப்பவும் பசிக்குது சிஸ்டர். ஆனா சாப்ட்டா அடங்குது" என்றாள்.

அதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பெஞ்ச் நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, "ரேவதி, அன்னிக்கு உன்ன நான் பொய் சொல்றன்னு சொன்னேன். நீ பொய் சொல்லல. நான்தான் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "இன்னா சிஸ்டர், இத்தினி பேரு எதிர்ல…"

"அன்னிக்கும் எல்லார் எதிர்லதானே சொன்னேன்."

அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. பட்டையைச் சுற்ற வசதியாக ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, மேசைமேல் கையை வைத்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருந்தபோது, ஒரு ஞாயிறு காலை கிளினிக் வாசலில் சத்தம் கேட்டது. ரேவதி நின்றிருந்தாள். பின்னால் ஏழு பெண்கள். எல்லாரும் ஷிப்ட் மாறும்வரை அவளோடு ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் பெங்களூருக்குப் போய் வந்தவர்கள். தையல் ஆலை, ஆஸ்பத்திரி கேன்டீன், துணிக்கடை என்று ஆளுக்கொரு வேலை.

"இவங்களுக்கும் பாருங்க சிஸ்டர். எல்லாருக்கும் தலவலி. ரெண்டு பேருக்கு பிரஷர் கீது, மாத்திரய உட்டுட்டாங்க. மொதல்ல எடை போடாதீங்க, அப்பறம் ஓடிப்போய்டுவாங்க. எத்தினி மணிக்குப் படுக்கறாங்கன்னு கேளுங்க."

நோட்டை எடுத்து ஒவ்வொருவராகப் பெயர் எழுதினேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தானே திகைத்து, "நாலு மணி நேரந்தான் வருது சிஸ்டர்" என்றாள். மற்றவர்கள் தங்களுக்கும் எண்ணிப் பார்த்தார்கள்.

மூன்றாவதாக எழுதிய பெயர் மல்லிகா. கூப்பிட்டேன். பதில் இல்லை. பெஞ்சின் ஓரத்தில், சுவரில் தலை சாய்ந்து, மடியில் கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் தோளைத் தட்டப் போனாள்.

"உடு, எழுப்பாத" என்றாள் ரேவதி.

உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். அடுத்த ஆள் ஏன் வரவில்லை என்று கேட்க வந்தவர், பெஞ்சைப் பார்த்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

மல்லிகாவின் பெயரை அடித்துவிட்டு, பட்டியலின் கடைசியில் எழுதினேன்.